சிட்ரோயன் 2சிவி: மலிவு வேறு, மட்டம் வேறு

சிட்ரோயன் 2சிவியை ‘க்யூட்’டான பழைய கார் என்று கொஞ்சுவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. பிரெஞ்சு விவசாயிக்காகத் திட்டமிட்ட வண்டி இது. உழுத வயலில் ஓட்டினாலும் கூடையில் இருக்கிற முட்டை உடையக் கூடாது என்பது நிறுவனத் தலைவர் பியர் பூலான்ஜே போட்ட நிபந்தனை.

1948 பாரிஸ் கண்காட்சியில் பார்த்த பத்திரிகைக்காரர்கள் கிண்டலடித்தார்கள். 375 சிசி எஞ்சின், வெறும் 9 குதிரைத்திறன். சிரிப்பு வரத்தானே செய்யும்? ஆனா கூரையைத் துணியாக்கி மிச்சம் பிடித்தவர்கள், சஸ்பென்ஷனில் சிக்கனம் பார்க்கவில்லை. முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் ஸ்பிரிங்கால் இணைத்து, குலுக்கலை விழுங்க வைத்தார்கள். காசில்லாதவன் முதுகும் முதுகுதானே!

1990 வரை தயாரிப்பில் இருந்த வண்டி. இன்றைய சின்னக் கார்களையும் நான் அந்த முட்டையை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: எதில் மிச்சம் பிடித்தார்கள், எதில் பிடிக்கவில்லை?