மாயாவியின் கையும் கிருஷ்ணப் பருந்தும்

சங்க மலரில் சித்திரக் கதைகளைப் பற்றிய ஆய்வுக்கு இடமுண்டோ என்று பெரியோர் சிலர் ஐயுறக்கூடும். இளங்கோவும் கம்பனும் வீற்றிருக்கும் பக்கங்களில் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்து நிறுத்துவது முறையோ என்றும் வினவக்கூடும். அவ்வினாவை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும் ஓர் உண்மையை மறைக்க இயலாது. சாலைக் கடைத்தெருவிலும் அதன் கிளைச் சந்துகளிலும் பிறந்து, பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயின்று, வீட்டில் மட்டுமே தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைகளுள் பலர் தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியது, சிவகாசியில் அச்சான சித்திரக் கதைப் புத்தகங்களினால்தான். ஊருக்குப் போய் வந்த மாமா வாங்கிவந்த ஒரு புத்தகம் நான்கு வீடுகளில் கைமாறி, அட்டை கிழிந்து, பசை தடவப்பட்டு, மீண்டும் கைமாறிய காலம் நம்முள் பலருக்கு நினைவிருக்கும். அப்புத்தகங்கள் நமக்குத் தமிழ் கற்பித்தன. கூடவே, வலிமையுடையவனை எவ்வாறு நோக்க வேண்டும் என்பதையும் கற்பித்தன. அந்த இரண்டாவது பாடத்தைப் பற்றியே இங்கு ஆராய விழைகின்றோம்.

முத்து காமிக்ஸ் 1972ஆம் ஆண்டு இரும்புக்கை மாயாவியோடு தன் பயணத்தைத் தொடங்கியது. மாயாவியின் இயற்பெயர் லூயி கிராண்டல். 1962இல் இங்கிலாந்தின் வேலியண்ட் என்னும் சிறுவர் வார இதழில் பிறந்தவன். ஆய்வுக்கூட உதவியாளனாகிய அவன், விபத்தொன்றில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். பின்னர் உடலில் மின்சாரம் பாயவே, உடல் முழுதும் மறைந்து கை மட்டும் தெரியும் விந்தை வல்லமை அவனுக்கு வாய்க்கின்றது. மாயாவியை நல்லவனாக மட்டுமே நினைவிற் கொண்டோர் அடுத்து நிகழ்வதை மறந்திருப்பர். வல்லமை பெற்றவுடன் கிராண்டல் இறங்குவது களவில். பிறர் கண்ணுக்குத் தான் புலப்படுவதில்லை என்று அறிந்த கணமே, பிறருக்கான விதிகள் தனக்கில்லை என்றும் அவன் முடிவு செய்துவிடுகிறான். கதையைத் தொடங்கிவைத்த கென் புல்மர் மனித மனத்தை அறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

பின்னர் அவன் திருந்துகிறான். எவ்வாறு? நிழல் படை என்னும் இரகசிய அரசாங்க அமைப்பு அவனை வேலைக்கு எடுத்துக்கொள்கிறது! இதைச் சிறுவயதில் நாம் கவனித்தோமில்லை. மேலதிகாரி ஒருவர், அவர் இடும் கட்டளை, பணி முடிந்தபின் அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்: இவையே அந்தக் கையைக் கட்டுகின்றன. வல்லமை எவரிடமாவது கணக்குக் காட்ட வேண்டும் என்பதைக் கதை தன்னையறியாமலேயே ஒப்புக்கொள்கிறது எனலாம். அந்த நிழல் படை எவரிடம் கணக்குக் காட்டுகிறது என்பதை மட்டும் சிறுவர் கதை கேட்பதில்லை.

1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் நமக்கு அளித்த ஸ்பைடரின் வரலாறு இதனினும் சுவையானது. குற்றவாளிகளின் பேரரசனாக வேண்டும் என்ற வெறியோடு தோன்றும் அவன், பிற்பாடு குற்றவாளிகளை ஒடுக்கப் புறப்படுகிறான். நீதியின்மீது கொண்ட காதலாலோ? அன்று. தன்னைவிடப் பெரியவன் ஒருவன் உலகில் இருத்தலாகாது என்ற செருக்கினால்! அவன் கட்சி மாறினானே ஒழிய, குணம் மாறினானில்லை. இக்கதைகளுட் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். ஓவியர் ஷஸ்டருடன் சேர்ந்து 1938இல் சூப்பர்மேனைப் படைத்த அதே அமெரிக்கர்தாம் அவர்.

சீகலின் முதல் சூப்பர்மேன் 1938க்கு முன்னரே பிறந்தவன் என்பதைப் பலர் அறியார். 1933இல், அமெரிக்கா கடும் பொருளாதார வீழ்ச்சியில் தவித்தபோது, அவர் ஒரு சிறுகதை எழுதினார். இலவச ரொட்டிக்காக வரிசையில் நிற்கும் பசித்த ஏழை ஒருவனை விஞ்ஞானி ஒருவர் அழைத்துச் சென்று, ஒரு மருந்தை ஊட்டுகிறார். பிறர் மனத்தை அறியும் ஆற்றல் அவனுக்கு வருகிறது. அவன் உலகை ஆளத் துணிகிறான். வல்லமை தந்தவரையே கொல்கிறான். மருந்தின் வேகம் தணிந்ததும் பழைய ரொட்டி வரிசைக்கே திரும்புகிறான். இக்கதையில் நம்மை உலுக்குவது அவன் பழைய பசிதான். பசித்தவன் வலிமை பெற்றால் பசித்தோர்க்கு நல்லவனாயிருப்பான் என்ற நம்பிக்கையை 18 வயது இளைஞர் ஒருவர் அன்றே ஐயுற்றிருக்கிறார்.

பின்னர் வந்த நல்ல சூப்பர்மேனும் முற்றிலும் ஐயத்திற்கு அப்பாற்பட்டவன் அல்லன். 1939இல் வெளிவந்த ஒரு கதையில், அரசாங்கம் புதிய வீடுகள் கட்டித்தர வேண்டும் என்பதற்காக, ஏழைகளின் குடியிருப்பு முழுவதையும் அவன் தகர்க்கிறான். நோக்கம் நல்லது, புதிய வீடுகளும் எழுகின்றன. ஆனால், எந்தச் சுவர் இடியவேண்டும் என்று அங்கு வாழ்ந்தவர்களைக் கேட்டு அவன் இடிக்கவில்லை. வாடகை வீட்டிலேயே மூன்று தலைமுறை கழித்த சாலைக் குடும்பங்களுக்கு இந்த உறுத்தலை விளக்க வேண்டியதில்லை.

1985க்குப் பிறகு மேனாட்டுச் சித்திரக் கதைகள் இவ்வுறுத்தலை வெளிப்படையாகவே பேசத் தொடங்கின. ஸ்குவாட்ரன் சுப்ரீம் என்ற தொடரில் நாயகர்கள் ஆட்சியையே ஏற்று, குற்றவாளிகளின் மனத்தைக் கருவி கொண்டு மாற்றியமைக்கிறார்கள். 1986இல் தொடங்கிய வாட்ச்மென்னில், உலகப் போரைத் தடுப்பதாகச் சொல்லி நாயகன் ஒருவன் நியூயார்க் மக்களை இலட்சக்கணக்கில் மாய்க்கிறான். இவற்றைப் புதுமை என்று போற்றினர். நமக்கு அத்துணைப் புதுமையாகத் தோன்றவில்லை. ஏனெனில் நகுஷன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

இந்திரன் மறைந்தொழிந்த காலத்தில், அறவோன் எனப் பெயரெடுத்த மானிட வேந்தன் நகுஷனைத் தேவரும் முனிவரும் கூடி இந்திர பதவியில் அமர்த்தினர். தன் பார்வையில் பட்டோரின் ஆற்றலையெல்லாம் கவரும் வரத்தையும் அவர்களே அவனுக்கு ஈந்தனர். அவன் கேட்டுப் பெறவில்லை. அவர்கள் வலிந்து கொடுத்தனர். அவன் முதலில் விரும்பியது இந்திராணியை. பின்னர் முனிவர்களைப் பல்லக்குச் சுமக்க வைத்து, விரைந்து செல்லுமாறு உதைத்தான். உதை பட்ட அகத்தியர் அவனைப் பாம்பாகுமாறு சபித்தார். திருவனந்தபுரத்திற்குக் கிழக்கே அகத்தியகூடம் என ஒரு மலை அம்முனிவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதைக் காணுந்தோறும் நமக்குப் பல்லக்கின் நினைவு வருவதுண்டு. முன்னைய ஓர் அறவோனைக் கொடுங்கோலனாக்கியதில், வரம் கொடுத்தோர்க்கும் பங்குண்டென்று புராணம் சொல்லுகிறது. மேனாட்டுச் சித்திரக் கதைகளில் இந்த நுட்பம் குறைவு.

புராணமென்று இதை ஒதுக்குவோர் இந்நகரின் வரலாற்றை நோக்கலாம். தலைமைச் செயலகத்தின் முன் வேலுத்தம்பி தளவாயின் சிலை நிற்கிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துத் தலக்குளத்தில் பிறந்தவர். சாலையில் குடியேறிய நாஞ்சில் நாட்டார்க்கு அண்டை ஊரார். 1799இல் ஊழல் அமைச்சர்களுக்கு எதிராக மக்களைத் திரட்டி அரண்மனை வாயிலில் நீதி கேட்டவர். 1809இல் கும்பினியை எதிர்த்துப் போரிட்டு, மண்ணடியில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவர். அவர் தியாகத்தின் முன் நாம் தலை வணங்குகிறோம். ஆனால், இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் தளவாயாக இருந்து வழங்கிய தண்டனைகளைத் திருவிதாங்கூர் வரலாறு எழுதிய சங்குண்ணி மேனன் பதிவு செய்திருக்கிறார்: கசையடி, சொத்துப் பறிமுதல், காதும் மூக்கும் கையும் அறுத்தல், மரத்தோடு சேர்த்து ஆணியறைதல். 1804இல் தம் படையினரே கிளர்ந்தெழுந்தபோது, பின்னாளில் தாம் எதிர்க்கப்போகும் அதே கும்பினியின் துணையோடுதான் அடக்கினார். கள்வரும் கையூட்டு வாங்குவோரும் அஞ்சினர் என்று இவற்றைப் பெருமையாகவே நம் பாட்டிமார் சொல்வர். மாயாவியைப் படிக்கும்போது நாம் கைதட்டியதும் அதே மனநிலையில்தான்.

இவ்விடத்தில் ஆ. மாதவனைக் கருதாமல் இக்கட்டுரை முற்றுப்பெறாது. சாலைத் தெருவிலேயே கடை நடத்தி, அத்தெருவையே தம் எழுத்தின் களமாகக் கொண்டு, 2015இல் சாகித்திய அகாதெமி விருது பெற்று, 2021இல் மறைந்த அவரது கிருஷ்ணப் பருந்து, முகமூடியும் பறக்கும் ஆற்றலும் இல்லாத ஒரு நாயகனின் வீழ்ச்சியைச் சொல்லும் நாவல். அதன் குருஸ்வாமி செல்வக் குடியில் வந்தவர். மனைவியை இழந்தபின் துறவி போல் வாழ்பவர். அவரது தோட்டத்தில் குடியிருக்கும் எளியோர் அவரைச் சாமியப்பா என்று அழைக்கின்றனர். அவ்வழைப்பிலேயே ஆசிரியர் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறார். சாமியும் அவரே, அப்பாவும் அவரே என்றான பின், அவரைக் கேள்வி கேட்க அங்கு எவர் மிஞ்சுவர்?

அவரை அண்டி வளர்ந்த வேலப்பன் வழக்கில் சிக்கிச் சிறைப்படும்போது, அவன் மனைவி ராணி உதவி வேண்டிச் சாமியப்பாவிடம் வருகிறாள். நெடுங்காலம் அடங்கிக் கிடந்ததென அவரே நம்பியிருந்த வேட்கை அப்போது தலைதூக்குகிறது. இந்நூலைக் காமத்தின் கதை என்றே பெரும்பாலோர் படித்தனர். அது பிழையன்று, ஆயினும் போதாது என்று கருதுகின்றோம். அவ்வேட்கை ஏன் அப்போது எழுகிறது? ராணி அவருக்குப் புதியவள் அல்லள். நாள்தோறும் கண்ணிற் பட்டவள். அவள் கணவனை மீட்கும் ஆற்றல் தம் கையில் இருக்கிறது என்ற நிலை மட்டுமே புதிது. நகுஷனின் கண் இந்திராணிமேல் விழுந்ததும் அரியணை ஏறிய பின்னர்தானே! உதவும் வல்லமை, கேட்கும் வல்லமையாக மாறும் கணத்தை மாதவன் ஓசையின்றிக் காட்டுகிறார். நாவலின் முடிவை இங்குச் சொல்லோம்; படியாதவர் படித்து அறிக.

தலைப்பின் பொருத்தமும் சொல்லத்தக்கது. வெண்தலையும் செம்மேனியுமாய் வட்டமிடும் கிருஷ்ணப் பருந்தைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வோர் நம்மில் இன்றும் உளர். மீன் கழிவுக்கும் கோழிக்குஞ்சுக்கும் பாயும் பறவையும் அதுவேயென்று அறிந்தே நாம் வணங்குகிறோம்.

பிறமண்ணில் பிழைக்க வந்த குடும்பங்களுக்கு இது வெறும் இலக்கிய நயமன்று. குடும்ப அட்டைக்குக் கையெழுத்து, காவல் நிலையத்தில் ஒரு சொல், கடைக்கு முன்பணம், மகள் திருமணத்திற்கு ஒரு பொறுப்பு என்று ஒவ்வொரு தேவைக்கும் ஒரு பெரியவரை நாடியே நம் முன்னோர் இங்கு வேர் ஊன்றினர். அப்பெரியவர்களுட் பலர் உண்மையிலேயே பெரியவர்கள். ஆனால் அவர்கள் தவறியபோது வாய் திறந்தோமா? நாம் அறிந்த ஒரு வீட்டில், நன்றி மறவாமை என்ற ஒரே காரணத்தால் ஓர் அநியாயம் 20 ஆண்டுகள் பேசப்படாமலேயே கிடந்தது. நன்றி அங்கே பல்லக்குச் சுமந்தது என்பதற்கு மேல் சொல்ல விருப்பமில்லை.

மாதவனின் நாவலிலும் ஒரு குறை நமக்குத் தோன்றுகிறது. கதை பெரிதும் குருஸ்வாமியின் உள்ளத்தோடேயே நடக்கிறது. அவர் எரிவதை அணு அணுவாக அறிகிறோம். ராணி அவர் வீட்டுப் படியேறும்போது என்ன நினைத்தாள் என்பதை அத்துணை நெருக்கமாக அறிகிலோம். சித்திரக் கதைகளின் குறையும் இதுவே. மாயாவியின் கை தெரிகிறது, ஸ்பைடரின் செருக்குத் தெரிகிறது. காப்பாற்றப்பட்டவர்கள் அடுத்த கட்டத்திலேயே மறைந்துவிடுகின்றனர். அவர்களின் வாய்மொழியாக ஒரு நாவலோ சித்திரக் கதையோ சாலையிலிருந்து இனிமேல்தான் எழுதப்படவேண்டும். அதற்கு வேண்டிய செய்திகள் நம் வீட்டுப் பாட்டிமாரிடம் நிறையவே உண்டு.