அடித்தல் திருத்தலில் பிறந்த முகங்கள்

தில்லி ஜெய்ப்பூர் இல்லத்திலுள்ள தேசிய நவீன கலைக்கூடத்தில் தாகூரின் ஓவியங்கள் இருக்கின்றன. கவிஞராக நாம் போற்றும் அவர், ஓவியத்தை முறையாகப் பயின்றவரல்லர். 1924ஆம் ஆண்டளவில், 'பூரவி' கவிதைகளின் கையெழுத்துப் படியில் அடித்த சொற்களை இணைத்து உருவங்களாக்கினார். அறுபத்தைந்து வயதைக் கடந்தபின் முழு ஓவியரானார். 1930இல் பாரிஸ் நகரில் அவரது முதற் கண்காட்சி நடைபெற்றது.

அவர் தீட்டிய முகங்களில் எழிலை நாடுவோர் ஏமாறுவர். யானும் முதலில் ஏமாந்தேன். பசிபிக் தீவுகளிலும் வட அமெரிக்காவிலும் வாழும் பழங்குடி மக்களின் மரச்செதுக்கல்கள், முகமூடிகள் ஆகியவற்றின் சாயலை அவரது உருவங்களில் ஆய்வாளர் காண்கின்றனர். அம்மக்களுக்கு அவை சடங்கோடும் குலமரபோடும் பிணைந்தவை. தாகூரின் தாளில் அப்பொருள் இல்லை. இஃது ஓர் இழப்பே. எனினும் அவர் வெறுமனே படியெடுத்தாரல்லர். இருளிலிருந்து நம்மை நோக்கும் அந்த நீள்முகப் பெண்ணின் மௌனம் அவருக்கே உரியது. பெரும்பாலான படங்களுக்கு அவர் தலைப்பும் இடவில்லை. பொருள் காணும் பொறுப்பு நம்முடையதாகிறது.

நாள்தோறும் கோப்புகளில் அடித்துத் திருத்தும் எழுத்தனாகிய எனக்கு, அடிக்கப்பட்டதும் வீணன்று என அம்முகங்கள் உணர்த்தின. ஒரு ஞாயிறன்று நம் மக்களையும் அங்கு அழைத்துச் செல்வோமாக.