டி.சி. சீட்டிலிருந்து மென்பொருள் வரை

டி-ஷர்ட்டின் அளவைச் சொன்னால் போதும், எத்தனை கிராம் துணி பிடிக்கும் என்று திருப்பூர் மெர்ச்சண்டைசர் உடனே போட்டுக் காட்டுவார். உடல் நீளம் 72 செ.மீ., கை 22, மடிப்புக்கு 6, ஆக 100. பாதி மார்பளவு தையல் இடத்தோடு 56. இரண்டையும் பெருக்கி முன்பக்கம், பின்பக்கம் என்று இரட்டித்தால் 1.12 சதுர மீட்டர். துணி 160 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 160 கிராம் என்றால் சுமார் 179 கிராம். இதுவரைக்கும் எக்செல் போதும். கட்டிங்கில் எவ்வளவு கழியும், சாயத்தில் எடை எவ்வளவு குறையும், முன்கூட்டியே சுருக்கும் காம்பாக்டிங் முடிந்தும் எந்தத் துணி சுருங்கும் என்பதுதான் தொழிலறிவு. மென்பொருளாக விலைபோகக்கூடியதும் அதுதான்.

இலங்கையில் இப்படியொரு அறிவு விற்பனைக்கே வந்துவிட்டது. பிராண்டிக்ஸ் குழுமத்தின் தகவல் தொழில்நுட்பக் கரமாக இருந்த பிராண்டிக்ஸ் ஐ3, இன்று ஃபோர்டியூட் என்ற பெயரில் வெளிநாட்டு ஆடை நிறுவனங்களுக்கும் வேலை செய்கிறது. மென்பொருள் எழுதியவரும் தையல் லைன் நடத்தியவரும் ஒரே குழுமத்தில் இருந்ததை நான் பெரிய வசதியாகப் பார்க்கிறேன். பெரிய ஆலைகளில் ஒவ்வொரு தையலுக்கும் எஸ்.எம்.வி. என்ற நிமிடக் கணக்கு உண்டு. மென்பொருளின் முதல் மாதிரியை ஒரு லைனில் ஓட்டிப் பார்த்து, பிழையைத் திருத்தி, அடுத்த லைனுக்குக் கொண்டுபோகலாம். யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை.

திருப்பூரில் ஒரே ஆர்டர் பல வாசல் ஏறி இறங்குகிறது. நிட்டிங் ஒருவர், சாயப்பட்டறை இன்னொருவர், காம்பாக்டிங், பிரிண்டிங், பவர் டேபிள் எனும் தையல் கூடம் எல்லாம் வேறு வேறு முதலாளிகள். பவர் டேபிளில் கூலி பீஸ் ரேட். அங்கே எண்ணப்படுவது பீஸ்தான், நிமிடம் இல்லை. கொழும்பில் எழுதிய மென்பொருளை அப்படியே இறக்கினால், பத்து மெஷின் போட்டிருப்பவர் டேட்டா என்ட்ரிக்கென்று தனியாக ஆள் வைக்க வேண்டிவரும்.

அதைவிடப் பெரிய சிக்கல், வேலையில் கழியும் எடை, அதாவது உண்மையான லாஸ், எவ்வளவு என்று ஜாப் ஒர்க் செய்பவர் வெளியே சொல்லமாட்டார் என்பது. அவருடைய லாபமும் பேரம் பேசும் பலமும் அந்தச் சில சதவீதத்தில்தான் இருக்கின்றன. இதைப் பழமைவாதம் என்று தள்ளுவது அநியாயம். தகவல் கொடுப்பவருக்கு முதலில் பலன் கிடைக்கவேண்டும். சரக்கோடு போகும் டெலிவரி சலான் சீட்டை (டி.சி.) போனில் படம் எடுத்து அனுப்பினால், எந்தப் பார்ட்டியிடம் எத்தனை கிலோ நிலுவை, எவ்வளவு பணம் பாக்கி என்று அவருக்கே திரும்பி வரட்டும். முதல் மாதிரிக்கு வாட்ஸ்அப்பும் எக்செல்லும் ஒரு ஆர்டரும் போதும். ஒடிசா, பீகார் தொழிலாளர்களும் பயன்படுத்துவதென்றால் எழுத்தைக் குறைத்து நிறமும் படமும் வைக்கவேண்டும்.

போட்டியாளர்கள் ஒரு வசதியைப் பொதுவாக வைத்து நடத்துவது திருப்பூருக்குப் புதிதில்லை. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் கட்டாயத்தை நிறைவேற்றாததால், 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைப் பல பட்டறைகள் சேர்ந்தே நடத்துகின்றன. 1990இல் தொடங்கிய திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் போன்ற பொது அமைப்பு கூட்டிவைத்தால், மென்பொருள் மாதிரியையும் சாயப்பட்டறையிலிருந்தே ஆரம்பிக்கலாம். உள்ளே வந்த துணியின் எடையும் வெளியே போன எடையும் அங்கே ஏற்கெனவே டி.சி.யில் எழுதப்படுகின்றன. கூலி விவரத்தை அதில் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் பட்டறைக்காரர் இரண்டாவது சீட்டை அனுப்பமாட்டார்.