வயிற்றை நீவினால் நோய் தீருமா?

குழந்தை குடித்த பாலைக் கக்குகிறது. வயிறு உப்பியிருக்கிறது. ஓயாமல் அழுகிறது. "குடலேற்றம்தான், தட்டிவிட்டால் சரியாகிவிடும்" என்கிறார் பாட்டி. ஊரில் இதற்கென்றே ஒருவர் இருப்பார். அவர் விளக்கெண்ணெயைத் தொட்டு வயிற்றை நீவிவிடுவார். சில ஊர்களில் குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுவதும் உண்டு. இரண்டு நாளில் குழந்தை விளையாடத் தொடங்கிவிடுகிறது. இதைக் கண்டோ கேட்டோ அறியாத வாசகர்கள் நம்மிடையே மிகச் சிலரே இருப்பர்.

நகரங்களில் இதே நம்பிக்கை வேறு உடை அணிந்து வந்துள்ளது. மசாஜ் செய்துகொண்டால் மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், நீரிழிவு யாவும் நீங்கும். உடலில் தேங்கிய நச்சுகள் வெளியேறும் என்று விளம்பரப் பலகைகள் கூறுகின்றன. கிராமத்துப் பாட்டியும் நகரத்துப் பலகையும் சொல்வது ஏறத்தாழ ஒன்றுதான்: வெளியே கை வைத்தால் உள்ளே நோய் தீரும். இக்கூற்றில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு, ஆபத்து எங்கே இருக்கிறது என்று ஆராய்வோம்.

முதலில் குடல் 'ஏறுமா' என்று பார்க்க வேண்டும். வளர்ந்த மனிதரின் சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளமுள்ளது. அது மெசென்ட்ரி என்னும் மடிப்புச் சவ்வினால் முதுகுப்புறச் சுவரோடு இணைக்கப்பட்டிருக்கிறது. இந்தச் சவ்வு விசிறி போன்றது. ஆகவே சிறுகுடலின் சுருள்கள் எப்போதும் நெளிந்து இடம் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. மேலே ஏறிப்போய்ச் சிக்கிக்கொள்ளும் குடல் என்று ஒன்று இல்லை.

அப்படியானால் தட்டியதும் குழந்தை குணமாவது எப்படி? குழந்தைகளுக்கு வரும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் வைரஸ் கிருமிகளால் உண்டாகின்றன. வாந்தி ஓரிரு நாளிலும் வயிற்றுப்போக்கு ஒரு வாரத்துக்குள்ளும் பொதுவாகத் தாமே நின்றுவிடும். அதுவரை உடலில் நீர் வற்றாமல் உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுத்துக் காப்பதே சிகிச்சை. நாளை தானாகவே நிற்கப் போகும் வாந்திக்கு இன்று தட்டினால், தட்டியவருக்குப் புகழ். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

இதோடு விட்டுவிடலாம், ஒரு நோய் மட்டும் இல்லாதிருந்தால். குடலின் ஒரு பகுதி தொலைநோக்கியின் குழாய் போல அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்வது உண்டு. இதைக் குடல் செருகல் என்பர். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவது. குழந்தை திடீரென்று வீறிட்டு அழும், கால்களை மடக்கி வயிற்றோடு சேர்க்கும், சற்று நேரம் அமைதியாக இருக்கும், மறுபடி அழும். வாந்தி பச்சையாக மாறும். பிறகு மலத்தில் குருதியும் சளியும் கலந்து வரும். இந்தக் குழந்தையும் 'குடலேற்றம்' என்ற அதே பெயரில்தான் தட்டுபவரிடம் கொண்டுபோகப்படுகிறது! செருகிய குடலுக்குக் குருதியோட்டம் தடைப்படுகிறது. மணிக்கணக்கில் தாமதித்தால் குடல் அழுகத் தொடங்கும். டென்மார்க் மருத்துவர் ஹிர்ஷ்ஸ்பிரங், ஆசனவாய் வழியே நீரழுத்தம் செலுத்திச் செருகலை விடுவிக்கும் முறையை 1876-லேயே எழுதி வெளியிட்டார். இன்று அதையே ஸ்கேன் அல்லது எக்ஸ்ரே துணையுடன் நீராலோ காற்றாலோ செய்கிறார்கள். தாமதிக்காமல் வந்தால் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கத்தியே தேவைப்படுவதில்லை. வெளியிலிருந்து கையால் நீவி இதை எடுக்க முயல்வது பொன்னான நேரத்தைப் பறிகொடுப்பதாகும்.

இனி நச்சுகளின் கதை. இது நம் ஊரில் பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், தேங்கிய மலத்திலிருந்து நஞ்சு ஊறிக் குருதியில் கலக்கிறது என்ற கொள்கை மேலைநாட்டு மருத்துவர்களை ஆட்கொண்டது. நாம் சோளச் செதில் உணவோடு சேர்த்து அறிந்த பெயருக்குரிய அமெரிக்க மருத்துவர் ஜான் ஹார்வி கெல்லாக் 1895-இல் மசாஜ் பற்றி ஒரு நூலே எழுதினார். மலச்சிக்கலுக்கு வயிற்றின் மீது பீரங்கிக் குண்டை உருட்டச் சொன்ன மருத்துவர்களும் அக்காலத்தில் இருந்தனர். லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற அறுவை மருத்துவர் இன்னும் ஒருபடி மேலே போய்ப் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். 1919-இல் வால்டர் ஆல்வாரிஸ் என்பவர் எளிய கேள்வி ஒன்றை எழுப்பினார். மலம் கழித்ததுமே தலைவலியும் சோர்வும் நீங்கிவிடுகின்றனவே. குருதியில் கலந்த நஞ்சாயின் அது நொடியில் மறையுமா? மலக்குடல் விரிவடைந்து நரம்புகளைத் தூண்டுவதே அத்தொல்லைக்குக் காரணம் என்று அவர் விளக்கினார். நூறாண்டுக்கு முன் விடை சொல்லப்பட்ட கொள்கை இன்னும் விளம்பரப் பலகையில் வாழ்கிறது. கழிவுகளை நீக்குவன கல்லீரலும் சிறுநீரகங்களும். அவற்றை யாரும் எண்ணெய் போட்டுப் பிழிய வேண்டியதில்லை.

ஆனால் மசாஜால் பயனே இல்லை என்று கூறிவிடுவதும் அறிவியல் ஆகாது. சுவீடனில் மலச்சிக்கல் உள்ள 60 பேரிடம் சோதனை நடத்தி 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப்பேருக்கு வழக்கமான மலமிளக்கியோடு 8 வாரம் வயிற்றில் மசாஜ். மற்றவர்களுக்கு மலமிளக்கி மட்டும். மசாஜ் பெற்றவர்களுக்கு வயிற்று வலியும் தொல்லைகளும் குறைந்தன. ஆயினும் அவர்கள் மலமிளக்கியைக் குறைத்துக்கொள்ளவில்லை. பிரிட்டனில் தண்டுவடத்தையும் மூளையையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் ஏறக்குறைய 190 பேரிடம் செய்து 2018-இல் வெளியான சோதனையில், 24-ஆம் வாரத்தில் முக்கிய அளவீட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. மலம் கழிக்கும் தடவை சற்றுக் கூடியது, அவ்வளவே. ஒன்றை மாணவர்கள் கவனிக்க வேண்டும். மாத்திரைக்குப் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். போலிக் கையை எங்கே தேடுவது? தமக்கு மசாஜ் நடக்கிறது என்பது நோயாளிக்குத் தெரிந்தே தீரும். ஆதலால் நோயாளி சொல்லும் "சுகமாக இருக்கிறது" என்பதையும், எண்ணக்கூடிய மாற்றத்தையும் வேறுவேறாக வைத்தே பார்க்க வேண்டும். என் மதிப்பீடு இதுதான்: நாட்பட்ட மலச்சிக்கலுக்கு மசாஜ் சிறு துணை. பெருங்குடல் செல்லும் வழியிலேயே, வலப்புறம் மேல்நோக்கியும் குறுக்கேயும் இடப்புறம் கீழ்நோக்கியும் மெதுவாக நீவுவதால் நலமுள்ளவருக்குத் தீங்கில்லை.

நலமில்லாதவருக்கு? இங்கேதான் விளம்பரங்கள் வாய்மூடிவிடுகின்றன. தொப்புளருகே அழுத்தினால் ஒரு துடிப்பை உணரலாம். அந்த நாடி இடம் பெயர்ந்துவிட்டது, அழுத்தி நிறுத்த வேண்டும் என்பது வட இந்தியாவில் பரவலான நம்பிக்கை. உண்மையில் அது முதுகெலும்பின் முன்னே இறங்கும் பெருந்தமனியின் துடிப்பு; ஏறத்தாழ தொப்புள் மட்டத்தில்தான் அத்தமனி இரண்டாகப் பிரிகிறது. சுமார் 2 செ.மீ. அகலமுள்ள இத்தமனி முதியோரில் சிலருக்கு, குறிப்பாக நெடுங்காலம் புகைபிடித்த ஆண்களுக்கு, 3 செ.மீ.க்கு மேல் புடைத்திருக்கும். பெரும்பாலும் வலியே இராது. வெடித்தால் பிழைப்பது அரிது. அந்த வயிற்றை ஆழமாக அமுக்குவது எத்தகைய செயல் என்று எண்ணிப்பாருங்கள்.

குரோன் நோய், புண்ணுள்ள பெருங்குடல் அழற்சி ஆகியவை சீறி எழுந்திருக்கும் நாட்களில் வயிற்றைத் தொடாமல் விடுவதே முறை. அவர்களில் பலர் ஸ்டீராய்டு மாத்திரைகளை நெடுநாள் உட்கொள்பவர்கள். தோல் மெலிந்து எலும்பும் வலுவிழந்திருக்கலாம் என்பதால் முதுகில்கூட அழுத்தம் குறைய வேண்டும். கல்லீரல் சுருக்க நோயாளிக்கு மண்ணீரல் வீங்கியிருக்கலாம், குருதி உறைவதும் தாமதமாகலாம். வார்ஃபரின் போன்ற மருந்து உண்பவருக்குச் சாதாரணப் பிசைவே கன்றிப்போன கறையாக நிற்கும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அதைச் சுளுக்கு என்று நீவக்கூடாது. ஆழ்சிரையில் குருதிக்கட்டி இருந்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரைப் பறிக்கும்.

நெஞ்செரிச்சல்காரருக்கு வேண்டியது எளிது: உண்ட இரண்டு மணி நேரத்துக்குள் படுக்க வைக்காதீர்கள், தலைப்பக்கம் உயரமாக இருக்கட்டும், ஒருக்களிக்க வேண்டுமானால் இடப்பக்கமாக. நீரிழிவுக்காரரின் மரத்த பாதத்துக்கு எண்ணெயின் சூடும் தெரியாது, அழுத்தமும் தெரியாது. இன்சுலின் போட்ட இடத்தைச் சிறிது நேரத்திலேயே தேய்த்தால் மருந்து விரைவாகக் குருதியில் சேர்ந்து சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்; மேசையின் மேலேயே வியர்த்து மயங்குபவரைக் கண்டு, மசாஜ் 'வேலை செய்கிறது' என்று மகிழ்பவரும் இருக்கக்கூடும்!

ஆகவே, மேசையில் படுக்குமுன் கேள்வி கேட்கிறாரா என்று பாருங்கள். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், எப்போது அறுவை நடந்தது, வயிற்றில் கட்டி உண்டா, கருவுற்றிருக்கிறீர்களா, எடை காரணமின்றிக் குறைகிறதா, மலத்தில் குருதி வருகிறதா என்று கேட்காமல் எண்ணெயைச் சுடவைப்பவரிடம் நாட்பட்ட நோயாளிக்கு வேலையில்லை. மருத்துவர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டால் நோயாளி அடுத்த முறை சொல்லாமல் போய் நீவிக்கொண்டு வருவார். எங்கே தொடலாம், எங்கே கூடாது என்று இரண்டு நிமிடம் சொன்னால் போதுமே. புற்றுநோயாளிகளைத் தொட்டாலே நோய் பரவிவிடும் என்று ஒரு காலத்தில் அஞ்சினார்கள். அதற்குச் சான்று கிடைக்கவில்லை. இன்று பல நாடுகளில் புற்றுநோய் மருத்துவமனைகளே பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு கையையும் காலையும் தோளையும் மென்மையாக நீவி விடுகின்றன. கட்டியுள்ள இடம், கதிரியக்கம் பட்ட தோல், மலம் வெளியேற வயிற்றில் அமைத்த திறப்பு ஆகியவற்றை மட்டும் அவர்கள் தொடுவதில்லை.