கும்மியும் கோப்பியும்

இலக்கிய வகைகளை யாப்பையும் பெயரையும் கொண்டே பிரித்துவிடலாம் என்று கருதுவோர் உளர். வத்தேகமவின் மலைச்சரிவுகளில் தேயிலைக்கு முன்னர் விளைந்த கோப்பியைப் பற்றிய பாடல்கள் இக்கருத்தை ஐயுற வைக்கின்றன.

ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1869இல் அச்சேறியது. (கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையிற் காணப்பட்டதும் அவ்வாண்டிலேதான்.) கும்மியோ பெண்கள் வட்டமாகச் சுற்றிக் கைகொட்டிப் பாடும் வடிவம், அங்கே பாடுவோரே கேட்போருமாவர். ஜோசப்பிடம் அது பயிர்ச்செய்கையை எடுத்துரைக்கும் கருவியாகின்றது. ஓசை உழைப்போருடையது, பேசுவதோ தோட்டத்தை நடத்துவோரின் நோக்கு. உடனிருக்கும் ஆங்கிலமே அந்நூல் யார் மேசையை நாடியது என்பதைக் காட்டிவிடும்.

சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் வெளிவந்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ தொழிலாளர் தம் வாழ்வைத் தாமே பாடியவை. ஆக்கியோர் பெயரில்லை என்பதற்காக அவற்றை ‘நாட்டார் பாடல்’ என ஒதுக்கிவிட்டு, ஜோசப்பின் நூலை மட்டும் சிற்றிலக்கிய வரிசையில் அமர்த்துவது எங்ஙனம் பொருந்தும்? என் மதிப்பில் அது செய்யுளில் அமைந்த வேளாண்மைக் கைந்நூல். அவ்வாறு கூறுவது அதற்கு இழிவன்று. கும்மி பிறந்த வட்டத்துக்கு அண்மையில் நிற்பவை பெயரற்ற அப்பாடல்களே.