முள் அசையலையே, ஐயா!

போர்ஷே 911 ஜிடி3 பற்றிப் பேச வாயெடுத்தால் எல்லோரும் சத்தத்தில் ஆரம்பித்து வேகத்தில் முடிப்பார்கள். நான் ஆயில் பிரஷர் மீட்டரைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்காதீர்கள்! ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபேயில் ஒரு சுற்று முழுக்க அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தவன் சொல்கிறேன், அந்தக் காரின் உச்சகட்ட சாகசம் அங்கேதான் நடக்கிறது.

ஓட்டியது நண்பர், நான் பக்கத்து சீட். 997 தலைமுறைக் கார், 3.6 லிட்டர், 415 குதிரைத்திறன். ஸ்டியரிங் இடப்பக்கம். ஐந்து வட்ட மீட்டர்களில் வலக்கோடியில் இருப்பது ஆயில் பிரஷர், ஆக அது எனக்குத்தான் பக்கம். என்ன பாக்கியம்!

நார்ட்ஷ்லைஃபே 20.8 கிலோமீட்டர், சுமார் 300 மீட்டர் ஏற்ற இறக்கம். ஃப்ளூக்ப்ளாட்ஸ் மேட்டில் கார் எடையிழந்து எழும்பும். ஃபுக்ஸ்ரோரெ பள்ளத்தின் அடியில் சீட்டோடு சேர்த்து அமுக்கும். காருசெல்லின் சாய்ந்த கான்கிரீட் வளைவு முதுகெலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணும். நமக்கே இந்தப் பாடு என்றால் எஞ்சினுக்குள் இருக்கும் ஆயில் என்ன பாடு படும்?

சாதாரணக் காரில் ஆயில் அடியிலுள்ள சம்ப்பில் தேங்கி நிற்கும். நீண்ட வளைவில் விரட்டினால், சாய்த்த தட்டில் ரசம்போல ஓரத்துக்கு ஓடிவிடும். பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும், பிரஷர் சரியும். கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவிலுள்ள ஆயில் படலம் அறுந்தால் இரும்போடு இரும்பு உரசும். அப்புறம் எஞ்சினைப் பிரித்துப் போட வேண்டியதுதான். 911இன் படுத்தவாக்கு ஆறு சிலிண்டர் எஞ்சினில் கூடுதலாக ஒரு வம்பு: இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்க சிலிண்டர் ஹெட்டில் ஆயில் போய் ஒதுங்கும்.

ஜிடி3 இதற்கு வைத்திருக்கும் மருந்து ட்ரை சம்ப். ஆயிலை அடியில் தேங்கவே விடாது. சிலிண்டர் ஹெட்டுகளிலிருந்துகூட உறிஞ்சி இழுத்துத் தனி டேங்கில் சேர்க்கும். அந்த டேங்கின் அடியிலிருந்து பிரஷர் பம்ப் எடுத்து பேரிங்குகளுக்கு ஊட்டும். போர்ஷே எஞ்சின் வடிவமைப்பாளர் ஹான்ஸ் மெட்ஸ்கர் பெயர் தாங்கிய எஞ்சின் பரம்பரை இது. 1998இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற 911 ஜிடி1 இதற்கு நெருங்கிய சொந்தம். ரத்தம் பேசாதா பின்னே!

ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ, அதாவது 0.7 பார், இருந்தால் பயமில்லை என்பது பந்தயக்காரர்களின் பழைய கணக்கு. 7,000 என்றால் ஏறக்குறைய 5 பார். நண்பர் 8,400 சிவப்புக் கோட்டை முட்டிக்கொண்டிருந்தார். வளைவுக்கு வளைவு என் கழுத்து ஒடிந்தது. முள் மட்டும் 5 பார் பக்கத்தில் ஆணியடித்தாற்போல நின்றது. நான் கத்தியே விட்டேன், "முள் அசையலையே, ஐயா!" என்று. நண்பர் என்னைப் பைத்தியம் என்றே முடிவுகட்டியிருப்பார்.

சுற்று முடிந்து ஐட்லிங்கில் நின்றபோது முள் வெகுவாக இறங்கியது. சூட்டில் ஆயில் இளகியிருக்கும், பம்ப்பும் மெதுவாகச் சுற்றும், அது இயல்பே. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் சட்டென்று மேலே பாய்ந்ததே, அந்த அழகுக்கே இன்னொரு டிக்கெட் எடுக்கலாம்.

டிராக்கில் ஓட்டவென்று கார் தேடுகிறவர்களே, குதிரைத்திறனை அப்புறம் விசாரியுங்கள். வளைவில் ஆயில் எங்கே போகும் என்று முதலில் கேளுங்கள். விற்பவர் முழித்தால், காசை எண்ணாமல் கிளம்பிவிடுங்கள்!