ஓ2 ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர்: பவர் சப்ளை வெளியே, தெளிவு உள்ளே

ஓ2 வாங்குகிறவர் ஆம்ப்ளிஃபயரைக் கையில் எடுக்கும் முன் கூட வரும் அடாப்டரைத் திருப்பி, அதன் முதுகில் உள்ள பொடி எழுத்துகளைப் படித்துவிட வேண்டும். உள்ளே போவது 230 வோல்ட்டா, வெளியே வருவது ஏசியா என்று இரண்டையும் பார்த்த பிறகே பிளக்கில் செருகலாம். முனை பொருந்துகிறதே என்று வீட்டில் கிடக்கும் மோடம் அடாப்டரை மாட்டினால் ஆம்ப்ளிஃபயர் வேலை செய்யாது. அது டிசி கொடுக்கும் அடாப்டர். ஓ2 கேட்பது ஏசி. அமெரிக்காவிலிருந்து வரும்போது சொந்தக்காரர் வாங்கி வந்த 120 வோல்ட் அடாப்டரை நம் ஊர் பிளக்கில் செருகினாலோ, கதை அதோடு முடிந்தது. அதன் ட்ரான்ஸ்ஃபார்மர் சூடேறிக் கருகிவிடும்.

இந்த ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உண்மைப் பெயர் தெரியாத ஒரு மனிதர் இருக்கிறார். ‘என்டபிள்யூ ஏவி கை’ என்ற புனைபெயரில் எழுதிவந்த ஒரு பொறியாளர் 2011-இல் ஓ2-வின் சர்க்யூட் வரைபடம், போர்டு வடிவம், உதிரிபாகப் பட்டியல் எல்லாவற்றையும் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். யார் வேண்டுமானாலும் செய்யலாம், விற்கலாம். வடிவமைப்பை மாற்றக்கூடாது என்பது முக்கிய நிபந்தனை. ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர்களை வர்ணனைகளால் விற்றுக்கொண்டிருந்த காலத்தில், டிஸ்கோப் என்ற அளவீட்டுக் கருவியில் மாட்டி எண்களைக் காட்டுங்கள் என்று வாதாடியவர் அவர். 2012-இல் எழுத்தை நிறுத்தினார். பிறகு அவரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. ஐஇஇஇ ஸ்பெக்ட்ரம் இதழ் 2014-இல் அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிட்டது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள ஜேடிஎஸ் லேப்ஸ், இங்கிலாந்தின் எபிஃபனி அக்கூஸ்டிக்ஸ் போன்ற சிறு நிறுவனங்கள் அவர் வரைந்ததை அப்படியே செய்து விற்றன.

பவர் சப்ளையை ஏன் பெட்டிக்கு வெளியே வைக்க வேண்டும்? ட்ரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிக் காந்தப்புலம் எப்போதும் இருக்கும். கைக்கு அடக்கமான ஒரு பெட்டிக்குள் அதை மெல்லிய ஒலி சிக்னலுக்குப் பக்கத்தில் வைத்தால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் உள்ளே புகுந்துவிடும். ஒரு மீட்டர் ஒயருக்கு அப்பால் சுவரில் தொங்கவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. இன்னொரு காரணம் பாதுகாப்பு. 230 வோல்ட் அடாப்டரைத் தாண்டி வராது. மூடியைத் திறந்து பேட்டரி மாற்றுகிறவரின் விரலுக்கு அருகில் மெயின் கரண்டே கிடையாது.

உள்ளே நடப்பது ரசிக்கத்தக்கது. அடாப்டர் அனுப்பும் 16 வோல்ட் ஏசி, இரண்டு டயோடுகளில் பிரிகிறது. அலையின் மேல்பாதி ஒரு பக்கம், கீழ்பாதி மறுபக்கம். ஒன்று 7812 ரெகுலேட்டர் வழியாகப் பிளஸ் 12 வோல்ட்டாகவும், மற்றது 7912 வழியாக மைனஸ் 12 வோல்ட்டாகவும் இறங்குகிறது. டிசி அடாப்டர் ஏன் பயன்படாது என்பதற்கு இதுவே விளக்கம்: அதில் ஒரு பாதி மட்டுமே இருக்கும், மறுபாதி பிறக்கவே வழியில்லை. முனையின் பிளஸ், மைனஸ் பற்றியும் கவலைப்பட வேண்டாம். ஏசிக்கு அந்தப் பேதம் இல்லை. மிச்ச வோல்ட் வெப்பமாக வெளியேறுவதால் பெட்டி வெதுவெதுப்பாக இருக்கும். அது கோளாறல்ல.

இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்வரை ஹெட்ஃபோனுக்கு இசை மட்டுமே போகும். ஒரு பக்கம் செத்துவிட்டால்? மறுபக்கத்தின் டிசி நேராக ஹெட்ஃபோன் காயிலுக்குப் போய் அதைப் பொசுக்கிவிடலாம். அடாப்டருக்குப் பதிலாக இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளில் ஓடும்போது ஒன்று முந்திக்கொண்டு தீர்ந்துபோவது சகஜம். ஓ2-வில் இதற்கென்றே ஒரு காவல் சர்க்யூட் உண்டு. வோல்ட் குறைந்த உடனே மாஸ்ஃபெட் எனப்படும் இரண்டு மின்னணு ஸ்விட்சுகள் இரு பக்கத்தையும் சேர்த்து அறுத்துவிடுகின்றன. ஸ்விட்ச் போடும்போது காதில் ‘டொப்’ என்று அடிப்பதும் இதனாலேயே வெகுவாகக் குறைகிறது. விலை உயர்ந்த ஹெட்ஃபோன் வைத்திருப்பவருக்கு இந்த ஒரு ஏற்பாடே ஓ2-வை நம்பப் போதுமான காரணம்.

பேட்டரியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையை மட்டுமே போட வேண்டும். அடாப்டர் செருகியிருக்கும்போதெல்லாம், ஸ்விட்சை அணைத்திருந்தாலும், பேட்டரிக்குச் சிறிதளவு கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண 9 வோல்ட் பேட்டரியைப் போட்டு அடாப்டரையும் மாட்டினால் அது கசியும், வெடிக்கவும் கூடும். மேசையை விட்டு நகராத ஆம்ப்ளிஃபயருக்குப் பேட்டரியே தேவையில்லை, கழற்றி வைத்துவிடலாம்.

அடாப்டர் தொலைந்தால் 15 அல்லது 16 வோல்ட் ஏசி, 200 மில்லி ஆம்பியருக்குக் குறையாத எதுவும் போதும். சென்னை ரிச்சி தெருவில் 15 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர் எளிதில் கிடைக்கிறது. ஆனால் அதை ஃப்யூஸோடு மூடிய பெட்டிக்குள் வைத்து ஒயரிங் செய்வது 230 வோல்ட் வேலை தெரிந்தவர் செய்ய வேண்டியது. சிறிய ட்ரான்ஸ்ஃபார்மர்கள் சுமை இல்லாதபோது அச்சிட்டதைவிட அதிகம் காட்டும். 16 என்று போட்டது மல்டிமீட்டரில் 18 காட்டினால் பயப்பட வேண்டாம். ஆம்ப்ளிஃபயர் ஓடும்போது 20-ஐத் தாண்டாமல் இருந்தால் சரி.

அடாப்டருக்கு அடுத்துப் பலர் இடறும் இடம் கெயின் ஸ்விட்ச். ஓ2-வில் சிக்னல் முதலில் பெருக்கப்படுகிறது. வால்யூம் குமிழ் அதற்குப் பிறகுதான் வருகிறது. வழக்கமான அமைப்பில் கீழ்நிலை 2.5 மடங்கு, மேல்நிலை 6.5 மடங்கு. டிஜிட்டல் இசையை அனலாக் சிக்னலாக மாற்றும் மேசை டேக் ஒன்று முழு அளவில் 2 வோல்ட் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீழ்நிலையில் அது 5 வோல்ட் ஆகும். மேல்நிலையில் 13 ஆக வேண்டும். ஆனால் அடாப்டரில் ஓடும் ஓ2-வின் உச்சவரம்பு சுமார் 7 வோல்ட். மீதி வெட்டுப்படும். குமிழைக் குறைத்தாலும் கரகரப்பு போகாது, ஏனென்றால் குமிழுக்கு வருமுன்பே அலை சிதைந்துவிட்டது. “ஓ2 காதைக் குத்துகிறது” என்று குறைபட்டுக்கொள்பவர் முதலில் இந்த ஸ்விட்சைப் பார்க்கட்டும். மேல்நிலை என்பது மொபைல் போல மெல்லிய சிக்னல் தரும் கருவிகளுக்கு மட்டுமே.

கீழ்நிலை போதுமா என்ற சந்தேகத்துக்கு ஒரு கணக்கே பதில். சென்ஹைசர் ஹெச்டி 650 ஹெட்ஃபோன் 300 ஓம். 1 வோல்ட்டுக்கு 103 டெசிபல் தரும் என்கிறது அதன் குறிப்பேடு. 5 வோல்ட் போனால் 117 டெசிபல். காதுக்குப் பாதுகாப்பான அளவைவிட அது எவ்வளவோ அதிகம்.

இணைத்து முடித்ததும் பாட்டு எதுவும் போடாமல் ஒரு சோதனை. குமிழைக் குறைத்து, ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்து, ஹெட்ஃபோனை மாட்டிய பிறகு மெல்ல மெல்லக் குமிழை ஏற்ற வேண்டும். ஹெச்டி 650-இல் கீழ்நிலையில் நிசப்தமே கேட்கும். சுட்டியை நகர்த்தும்போது ‘கிறீச்’ என்றால் குற்றவாளி பவர் சப்ளை அல்ல. கம்ப்யூட்டரின் யுஎஸ்பி வழியாக டேக்குக்குள் வரும் இரைச்சல். டேக்கில் ஆப்டிகல் வசதி இருந்தால் அதற்கு மாறலாம். உறுமல் கேட்டால் எர்த் சம்பந்தப்பட்ட சிக்கலாக இருக்கலாம். ஓ2-வின் இரண்டு முனை அடாப்டரில் எர்த் இல்லாததால், மூன்று முனை பிளக் உள்ள ஆம்ப்ளிஃபயர்கள் கம்ப்யூட்டரோடு சேர்ந்து உண்டாக்கும் எர்த் சுற்று இங்கே பெரும்பாலும் உருவாவதில்லை.

இனி இசை. இளையராஜாவின் 1986-ஆம் ஆண்டு ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பு இதற்கு நல்ல உரைகல். லேப்டாப் ஜாக்கில் 300 ஓம் ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டால் வி.எஸ். நரசிம்மனின் வயலின் தூரத்தில் எங்கோ வாசிப்பதுபோல் இருக்கும். ஒலியைக் கூட்டக் கூட்ட முரட்டுத்தனம்தான் கூடும். ஓ2-வில் வில் கம்பியைத் தொடும் நொடியின் உராய்வு கேட்கிறது. தாழ்ந்து முடியும் இடங்களில் கடைசி அதிர்வு அடங்கும்வரை பின்தொடர முடிகிறது. ஓ2 இங்கே எதையும் அழகுபடுத்தவில்லை. பதிவில் இருப்பதை எதுவும் சேர்க்காமல் கொடுக்கிறது.

மொபைலே எளிதாக ஓட்டும் 32 ஓம் இயர்ஃபோனில் இந்த வித்தியாசத்தைத் தேடினால் ஏமாற்றமே. அதில் கிடைக்கும் லாபம் ஒன்றுதான்: ஓ2-வின் அவுட்புட் இம்பீடன்ஸ் 1 ஓமுக்கும் குறைவு என்பதால், பல டிரைவர்கள் கொண்ட இயர்ஃபோன்களின் தொனி மாறுவதில்லை.

குறைகளும் உண்டு. மூல வடிவமைப்பில் பவர் ஜாக், இன்புட், ஹெட்ஃபோன் எல்லாமே முன்பக்கம். மேசையில் ஒயர்கள் முகத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். குமிழின் தொடக்கத்தில் இடது, வலது ஒலி சற்று ஏறுக்குமாறாக இருக்கலாம். பெரிய ஹெட்ஃபோன் பிளக்குக்கு அடாப்டர் முனை வேண்டும். பின்னாளில் ஜேடிஎஸ் லேப்ஸ் பின்பக்க ஜாக்குகளோடும் ஒரு வடிவம் கொண்டுவந்தது. மேசைக்கு அதுவே நல்லது.

இன்றைக்குத் தனி பவர் சப்ளை என்றால் போலந்தின் ஃபெரம் நிறுவனத்தின் ஹைப்சோஸ் போல 5 முதல் 30 வோல்ட் வரை மாற்றக்கூடிய பெட்டிகள் வரை வந்துவிட்டன. அவை டிசி கொடுப்பவை, ஓ2-வோடு சேராது. ஓ2-வுக்கு அப்படி ஒன்று தேவையும் இல்லை. சுத்திகரிக்கும் வேலையை உள்ளே இருக்கும் இரண்டு சாதாரண ரெகுலேட்டர்களே முடித்துவிடுகின்றன.

ஹெச்டி 600, ஹெச்டி 650, பேயர்டைனமிக்கின் 250 ஓம் ஹெட்ஃபோன்கள் வைத்திருப்பவர்கள் தயங்காமல் ஓ2 வாங்கலாம். ஹைஃபைமேன் ஹெச்இ-6 போல ஏராளமான பவர் விழுங்கும் ஹெட்ஃபோனுக்கு இது போதாது. அதை வைத்திருப்பவர்கள் இதைவிடப் பலமான ஆம்ப்ளிஃபயரைத் தேடட்டும். இன்னும் நல்ல ஹெட்ஃபோனே வாங்காதவர்கள் ஆம்ப்ளிஃபயருக்கு ஒதுக்கிய பணத்தையும் சேர்த்து முதலில் அதை வாங்கிவிடுவது நல்லது.